நள்ளிரவு வர்த்தமானியும் வெங்காயப் பெட்டியும்

தூத்துக்குடியில் கப்பலேறும் வெங்காயப் பெட்டி, அதாவது கன்டெய்னர், பெரும்பாலும் மறுநாளே கொழும்பைத் தொட்டுவிடும். அதே வெங்காயம் நாசிக் பக்கத்து மண்டியிலிருந்து லாரியில் தூத்துக்குடி வந்துசேர மூன்று நாள் பிடிக்கும். கடலைத் தாண்டுவதுதான் இந்த வியாபாரத்தில் சுலபமான வேலை.

புதிதாக இறங்குகிறவர்கள் முதலில் கேட்பது "வரி எத்தனை சதவீதம்?" என்றுதான். சதவீதம் தெரிந்தால் விலையில் ஏற்றிவிடலாம். அது பெரிய சங்கதி இல்லை. அந்தச் சதவீதம் எந்த நாளில் மாறுகிறது, மாறிய நேரத்தில் உங்கள் பெட்டி எங்கே நின்றது என்பதுதான் கையைச் சுடும். இந்தியா, இலங்கை, வங்கதேசம், நேபாளம் என்று இந்த வட்டாரத்தில் எந்த எல்லையை எடுத்தாலும் கதை இதுதான். இங்கே பெரும்பாலும் தூத்துக்குடி–கொழும்பு வெங்காயத்தை வைத்தே சொல்கிறோம். மற்ற எல்லைகளும் சரக்குகளும் இடையிடையே வரும்.

ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை

இரண்டு அரசுகளும் எதிரெதிர் ஆட்களுக்குக் குடை பிடிக்கின்றன. இந்தியா ஏற்றுமதியைத் தடுப்பது உள்ளூரில் வாங்கிச் சமைக்கிறவருக்காக. இலங்கை இறக்குமதி வரியை ஏற்றுவது தம்புள்ளை, கலேவெல பக்கம் விளைவிக்கிறவருக்காக. இரண்டுக்கும் ஒரே பருவம் அமைந்துவிட்டதுதான் வினை. மகாராஷ்டிரத்தில் மார்ச் முதல் மே வரை எடுத்த ராபி (குளிர்காலப் பயிர்) வெங்காயம் கிடங்கில் தீர்ந்துவரும் நேரம் செப்டம்பர், அக்டோபர். மழைக்காலப் பயிரான காரிஃப் வரத்து தாமதமானால் உள்ளூர் விலை எகிறும், டெல்லி விழித்துக்கொள்ளும். அதே மாதங்களில்தான் இலங்கையில் சிறுபோகப் பெரிய வெங்காயம் அறுவடையாகிறது.

தேதிகளைப் பாருங்கள். 2019 செப்டம்பர் 29 ஏற்றுமதித் தடை. 2020 செப்டம்பர் 14 மறுபடி தடை. 2023 ஆகஸ்ட் 19 நாற்பது சதவீத ஏற்றுமதித் தீர்வை. அக்டோபர் 28 டன்னுக்கு 800 டாலர் குறைந்தபட்ச ஏற்றுமதி விலை. டிசம்பர் 8 முழுத் தடை. எல்லாம் ஆகஸ்ட்டுக்கும் டிசம்பருக்கும் நடுவில். இலங்கைப் பக்கம் 2025 ஆகஸ்ட் இறுதியில் பெரிய வெங்காயத்தின் விசேட பண்ட வரி கிலோவுக்கு 10 ரூபாயிலிருந்து 50 ரூபாயாக ஏறியது.

ஆகவே ஆண்டு ஒப்பந்தம் என்று ஒன்றும் போடாதீர்கள். ஜனவரி முதல் ஜூலை வரை ஒரு விலை முறை. ஆகஸ்ட்டுக்குப் பிறகு பெட்டிக்குப் பெட்டி விலை. வாங்குபவர் நான்கு மாதத்துக்குச் சேர்த்து முன்பணம் தருகிறேன் என்று ஆசை காட்டினாலும் வேண்டாம். தடை விழுந்தால் அந்த முன்பணத்தைத் திருப்புவதற்கு வங்கியில் தனியாக ஒரு காகித யாத்திரை போக வேண்டும்.

வங்கதேச எல்லையில் மாதம் மாறும். அங்கே வெங்காய அறுவடை மார்ச், ஏப்ரலில். 2023-இல் மார்ச் நடுவில் இறக்குமதி அனுமதி கொடுப்பதை நிறுத்தி, ஜூன் 5 முதல்தான் மறுபடி கொடுத்தார்கள். வரி ஏதும் ஏறவில்லை. அனுமதித் தாள் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். இந்திய–வங்கதேச எல்லைச் சாவடியான பெட்ராபோல்–பேனாபோலில் வேறொரு தொல்லையும் உண்டு. இந்திய லாரிச் சரக்கை அந்தப் பக்கத்தில் இறக்கி வங்கதேச லாரிக்கு மாற்ற வேண்டும். ஒரு முறை கூடுதலாகத் தூக்கிப் போட்ட மூட்டையில் அடிபட்ட காய் எத்தனை என்பது நான்காம் நாள் வாசனையிலேயே தெரிந்துவிடும்.

தடை வந்த இரவில் பெட்டி எங்கே நின்றது?

ஏற்றுமதித் தீர்வை எந்த நாளின் விகிதப்படி என்பதில் பலர் ஏமாறுகிறார்கள். ஷிப்பிங் பில், அதாவது சுங்கத்தில் கொடுக்கும் ஏற்றுமதி மனு, தாக்கல் செய்த தேதி கணக்கில்லை. இந்தியச் சுங்கச் சட்டத்தின் 16-ஆம் பிரிவின்படி, சுங்க அதிகாரி ஏற்ற அனுமதி தரும் நாள், அதாவது லெட் எக்ஸ்போர்ட் ஆர்டர் (எல்.இ.ஓ.) விழும் நாளின் விகிதம்தான். காலையில் பில் போட்டு, மாலையில் அனுமதி வாங்காமல் "நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்று விட்டவர், நடு இரவில் தீர்வை அறிவிப்பு வந்தால் நாற்பது சதவீதம் கட்டித்தான் ஆக வேண்டும். ஆகஸ்ட் பிறந்துவிட்டால் எல்.இ.ஓ. வாங்காத பெட்டி ஒரு இரவு கூடக் கிடக்கக் கூடாது.

தடைக்குக் கணக்கு வேறு. பொதுவாக, தடைக்கு முன்பே திறந்த, ரத்து செய்ய முடியாத எல்.சி. (பணத்துக்கு வாங்குபவரின் வங்கி தரும் உறுதிக் கடிதம்) இருந்தால் அந்த அளவுக்கு ஏற்றலாம் என்று வெளிநாட்டு வணிகக் கொள்கையின் 1.05 பத்தி சொல்லும். அதை நம்பி உட்கார வேண்டாம். 2020 செப்டம்பர் வெங்காய அறிவிப்பு அந்தப் பத்தி செல்லாது என்று வெளிப்படையாகவே எழுதிவிட்டது. 2023 டிசம்பரில் விட்டுக்கொடுத்தது மூன்று வகைச் சரக்குக்கு மட்டும்: அறிவிப்புக்கு முன்பே ஏற்றத் தொடங்கியது, ஷிப்பிங் பில் போட்டு, கப்பலும் துறைமுகம் வந்து சுழற்சி எண் (அந்தக் கப்பல் வருகைக்குத் தரும் பதிவு எண்) வாங்கியிருந்தது, சுங்க வளாகத்துக்குள் நுழைந்து, நேர முத்திரையோடு கணினியில் பதிவானது. அதற்கும் 2024 ஜனவரி 5 வரைதான் கெடு.

இதிலிருந்து பிடித்துக்கொள்ள வேண்டியது: சரக்குப் பெட்டி நிலையத்தின் வாயிலில் நுழைந்த நேரச் சீட்டு ஒரு பத்திரம் மாதிரி. அதை லாரி டிரைவர் பையில் விடாமல், நுழைந்த உடனே படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். சுங்க ஏஜென்ட்டிடம் கப்பலின் சுழற்சி எண்ணையும் அதே நாளில் கேட்டு எழுதி வையுங்கள். தடை வந்த பிறகு தேடினால், எல்லாரும் தேடுவார்கள்.

"வெங்காயத்துக்குத்தானே தடை, நாங்கள் அனுப்புவது சின்ன வெங்காயம்" என்று சொல்வதிலும் பயனில்லை. "அனைத்து ரகங்களும்" என்ற இரண்டு சொல் பெரம்பலூர் பட்டறையில் (சேமிப்புக் குவியலில்) கிடக்கும் சின்ன வெங்காயத்தையும் சேர்த்தே கட்டிவிடும். நாசிக் பக்கத்து லாசல்கான் மண்டியில் விலை ஏறியதற்குப் பெரம்பலூர் பக்கத்துச் செட்டிகுளத்து விவசாயி என்ன செய்வார் என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. விதிவிலக்கு வரும்போதும் குறுகலாகவே வரும். 2020 அக்டோபரில் பெங்களூர் ரோஸ், கிருஷ்ணாபுரம் ரகங்களுக்குத் தலா 10,000 டன் அனுமதித்தார்கள்; ஆனால் சென்னைத் துறைமுகம் வழியாக மட்டும், தோட்டக்கலைத் துறைச் சான்றோடு. ஏற்றுமதிப் பணம் வாங்கும் வங்கியின் அடையாள எண்ணான ஏ.டி. கோடை அந்தத் துறைமுகத்தில் பதியாதவர் அங்கே ஷிப்பிங் பில்லே போட முடியாது. அதனால் தூத்துக்குடி ஒன்றோடு நிற்காமல் சென்னை, கொச்சி, நவ சேவா மூன்றிலும் ஏ.டி. கோடைச் சும்மா இருக்கும் மாதத்திலேயே பதிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

தடை இருந்த மாதங்களில் அரசுக்கு அரசு என்ற பேரில் கொஞ்சம் போகும். 2024 ஏப்ரலில் இலங்கைக்கு 10,000 டன் அப்படித்தான் அனுமதியானது. அதை அனுப்புவது தேசியக் கூட்டுறவு ஏற்றுமதி நிறுவனம். தனியார் ஏற்றுமதியாளருக்கு அதில் நேரடி வேலை இல்லை. அந்த இடைவெளியில் பாகிஸ்தான், சீனச் சரக்குக்குப் பழகிய, கொழும்பு மொத்தச் சந்தையான புறக்கோட்டைக் கடைக்காரர், தடை நீங்கிய மறுவாரமே உங்களிடம் திரும்பி வருவார் என்று எண்ண வேண்டாம்.

விலைக் கணக்கு

2024 மே 4 அன்று தடை நீங்கியது. ஆனால் டன்னுக்கு 550 டாலர் குறைந்தபட்ச விலையும் 40 சதவீதத் தீர்வையும் நின்றன. டாலர் 83 ரூபாய் என்று வைத்தால், 550 டாலர் கிலோவுக்கு 45 ரூபாய் 65 காசு. அதில் நாற்பது சதவீதம் 18 ரூபாய் 26 காசு. ஆக, மண்டியில் வெங்காயம் பதினைந்து ரூபாய்க்குக் கிடந்தாலும் அறுபத்து நான்கு ரூபாய்க்குக் கீழே சரக்கு நாட்டை விட்டுப் போக வழியில்லை. செப்டம்பர் 13-இல் குறைந்தபட்ச விலையை நீக்கித் தீர்வையை 20 ஆக்கினார்கள். 2025 ஏப்ரல் 1-இல்தான் அதுவும் போனது.

குறைந்தபட்ச விலை உள்ள காலத்தில் சிலர் ஒரு குறுக்குவழி சொல்வார்கள்: பில்லில் 550 என்று காட்டி, மிச்சத்தை வாங்குபவருக்கு வேறு வழியில் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று. அந்நியச் செலாவணிச் சட்டத்தில் மாட்டுவதற்கு இதைவிட நேர்வழி கிடையாது. விலை கட்டவில்லை என்றால் அந்த மாதம் அனுப்பாமல் இருப்பதே வியாபாரம்.

இலங்கையின் விசேட பண்ட வரி 2007-ஆம் ஆண்டின் 48-ஆம் இலக்கச் சட்டப்படி விதிக்கப்படுவது. சுங்கத் தீர்வை, வாட் என்று தனித்தனியாக வராமல் கிலோவுக்கு இத்தனை ரூபாய் என்று ஒரே கட்டாக வரும். கணக்குப் போடச் சுலபம். ஏற்றவும் அரசுக்கு அதே சுலபம். ஒரு வர்த்தமானி (அரசிதழ்) அறிவிப்புப் போதும், நள்ளிரவு முதல் அமல். நாற்பதடிக் குளிர்பெட்டியில் 29 டன் போகிறது என்றால், கிலோவுக்கு 40 ரூபாய் ஏற்றம் ஒரு பெட்டிக்கு 11 லட்சத்து 60 ஆயிரம் இலங்கை ரூபாய். நம் காசில் மூன்று லட்சத்துக்கு மேல். ஒரு பெட்டியில் நிற்கும் லாபம் அந்தப் பக்கம்கூடப் போகாது.

வரி கட்ட வேண்டியவர் இறக்குமதியாளர்தான். ஆனால் வரி ஏறினால் அவர் முதலில் செய்வது பெட்டியை எடுக்காமல் விட்டு, "தரம் சரியில்லை, விலையைக் குறை" என்று செய்தி அனுப்புவது. ஆகவே ஒப்பந்தத்தில் இரண்டு வாசகம் வேண்டும். கப்பலேறிய பிறகு இலங்கையில் எழும் எந்த வரி மாற்றமும் வாங்குபவர் பொறுப்பு. தரத் தகராறு என்றால் பெட்டி திறந்த 24 மணி நேரத்துக்குள், இருவரும் ஒப்பிய சர்வேயர் முன்னிலையில் பார்த்த அறிக்கை மட்டுமே செல்லும். இந்த இரண்டு வாசகமும் இல்லாத ஒப்பந்தம் வெறும் நல்லெண்ணக் கடிதம்.

வரிச் சலுகைச் சான்றுக்காக ஓடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்திய–இலங்கைத் தடையற்ற வணிக ஒப்பந்தம் 1998 டிசம்பர் 28-இல் கையெழுத்தாகி 2000 மார்ச் 1 முதல் நடப்பில் இருக்கிறது. பெயர்தான் தடையற்றது. இரண்டு நாடுகளும் சலுகை இல்லாத பொருள் பட்டியல் வைத்திருக்கின்றன. இலங்கையின் பட்டியலில் விளைபொருள்கள் நிறைய. பொருளின் சுங்கக் குறியீட்டைக் கொழும்புத் தரகரிடம் கொடுத்து, சலுகை உண்டா என்று எழுத்தில் வாங்கிய பிறகு சான்றுக்கு மனுப் போடுங்கள். எதிர்த்திசையிலும் இதே கதைதான். இலங்கை மிளகுக்கு அந்த ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 2,500 டன் தீர்வையில்லா ஒதுக்கீடு உண்டு. வியட்நாம் மிளகு இலங்கை வழியாக நுழைகிறது என்ற புகார் வலுத்ததும், 2017 டிசம்பரில் இந்தியா கிலோவுக்கு 500 ரூபாய் குறைந்தபட்ச இறக்குமதி விலை வைத்தது. இலங்கையின் மாத்தளையில் உண்மையாகவே மிளகு விளைவித்தவரும் அதில் சேர்ந்து மாட்டினார்.

வெங்காயம் வியர்க்கும்

காகிதம் எல்லாம் சரியாக இருந்தும் பெட்டி கெட்டுப்போவது உண்டு. பெரும்பாலும் தவறு வயலில் தொடங்கியிருக்கும். அறுவடைக்குப் பத்துப் பதினைந்து நாள் முன்பே தண்ணீரை நிறுத்தியிருக்க வேண்டும். எடுத்தபின் தாளோடு வயலில் மூன்று முதல் ஐந்து நாள், தாளை அறுத்தபின் நிழலில் ஒரு வாரம் பத்து நாள் உலர்த்த வேண்டும். அறுக்கும்போது கழுத்தை இரண்டு, இரண்டரை சென்டிமீட்டர் விட்டு அறுக்க வேண்டும். ஒட்ட அறுத்தால் காயின் வாய் திறந்தே இருக்கும். கழுத்தழுகல் அங்கேதான் நுழையும். காரிஃப் காய் மழையில் எடுப்பது, சரியாக உலராது; பார்க்கப் பளபளப்பாக இருந்தாலும் கப்பலுக்கு ஆகாது.

குளிர்பெட்டி என்றதும் பத்து டிகிரிக்கு வைத்தால் பத்திரம் என்று நினைப்பார்கள். வெங்காயம் பூஜ்யம் முதல் இரண்டு டிகிரியிலும் தூங்கும், இருபத்தைந்து முதல் முப்பதிலும் தூங்கும், நடுவில்தான் முளைவிடும். தவிர, குளிர்ந்த காயை வெளியே எடுத்ததும் கொழும்பின் ஈரக்காற்று அதன்மேல் நீராகப் படியும். வியர்த்த வெங்காயத்தில் இரண்டே நாளில் தோலுக்கடியில் கருப்புப் பூசணம் ஓடும். ஒரு நாள் கடல் பயணத்துக்குக் குளிர் தேவையில்லை, காற்றோட்டம்தான் தேவை. காற்றுத் துவாரத்தை முழுக்கத் திறந்து வையுங்கள். மூட்டைகளைப் பெட்டிக்குள் குறித்திருக்கும் உச்சிக் கோட்டுக்கு மேல் அடுக்காதீர்கள்.

மண் இன்னொரு எதிரி. வேரோடு மண் ஒட்டிய காயைப் பயிர்த் தனிமைப்படுத்தல் அதிகாரி இரு கரையிலும் விடமாட்டார். தூத்துக்குடியில் ஃபைட்டோ சான்றுக்கு (பயிர் நலச் சான்று) மனுப் போடும்போது தாவரப் பெயர், மூட்டை எண்ணிக்கை, எடை, பெறுபவர் பெயர் ஆகியவை இன்வாய்ஸில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து இருக்கட்டும். மூட்டை 1,160 என்று ஒன்றிலும் 1,150 என்று ஒன்றிலும் இருந்தால், திருத்திய சான்று வரும்வரை கொழும்பில் பெட்டிக்குத் தினவாடகை ஓடும். மரப்பலகை அடுக்குத் தட்டு வைத்தால் அதில் வெப்பமூட்டிய முத்திரை வேண்டும். வைக்காமல் இருப்பதே மேல்.

வத்தலில், அதாவது அங்கே செத்தல் மிளகாயில், சிக்கல் அஃப்ளடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சு. எடை கூட்டத் தண்ணீர் தெளித்த மூட்டைதான் இதன் பிறப்பிடம். ஈரம் பத்து சதவீதத்தைத் தாண்டிய மிளகாயை வாங்க வேண்டாம். இந்த நஞ்சு சரக்கு முழுக்கச் சமமாகப் பரவாது. ஒரு மூட்டையில் நான்கு காயில் மட்டும் இருக்கும். இங்கே ஆய்வகம் தேர்ச்சி என்று சொன்னதை அங்கே ஆய்வகம் தோல்வி என்று சொல்வது பெரும்பாலும் இதனால்தான். இரு நாட்டு ஆய்வக அறிக்கையை ஒன்றையொன்று ஏற்கும் ஏற்பாடு இருந்தால் பாதித் தலைவலி தீரும். அது வரும்வரை, நிறைய மூட்டைகளிலிருந்து சிறிது சிறிதாக எடுத்துக் கலந்த மாதிரியையே சோதனைக்கு அனுப்புங்கள். அதே கலவையில் இரண்டு பொட்டலத்தை முத்திரையிட்டு நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள். ஆய்வகமே இல்லாமல் சோதனையைக் கட்டாயமாக்கும் கூத்தும் நடந்திருக்கிறது. 2019 ஜூனில் நேபாளம் இந்தியக் காய்கறிக்குப் பூச்சிமருந்து எச்சச் சோதனை வேண்டும் என்றது. லாரிகள் எல்லையில் வரிசைகட்டி நின்றன. ஜூலையில் உத்தரவு பின்வாங்கப்பட்டது. அதற்குள் வரிசையில் நின்ற தக்காளியின் கதி சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கப்பல் முந்தும், காகிதம் பிந்தும்

எல்.சி. விதிகள் நீண்ட கடலுக்கு எழுதப்பட்டவை. சரக்கேறிய 21 நாளுக்குள் வங்கியில் காகிதம் கொடுக்கலாம். ஒவ்வொரு வங்கியும் பார்க்க ஐந்து வேலை நாள் எடுக்கலாம். ஐரோப்பாவுக்குச் சரி. இங்கே பெட்டி மறுநாள் போய் நிற்கும், சரக்கை எடுக்கக் காட்ட வேண்டிய அசல் பி.எல். (கப்பல் கம்பெனி தரும் சரக்குச் சீட்டு) பத்து நாள் கழித்து வரும். இலங்கையில் ஒவ்வொரு பௌர்ணமியும் போயா விடுமுறை என்பதையும் நாள்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். சனி, ஞாயிறோடு போயா சேர்ந்தால் மூன்று நாள் வங்கி கிடையாது.

இதற்குப் பலரும் செய்வது சரண்டர் பி.எல். அசலைக் கப்பல் கம்பெனியிடமே ஒப்படைத்துவிட்டால் அங்கே உடனே சரக்கை விடுவிப்பார்கள். ஆனால் அந்த நொடியில் சரக்கின்மீது உங்கள் பிடி போய்விட்டது. பணம் முழுக்கக் கைக்கு வந்தவருக்கு மட்டும் அதைச் செய்யுங்கள். எல்.சி. இருந்தால், மூன்று அசலில் ஒன்றை நேரே வாங்குபவருக்கு அனுப்பலாம் என்ற நிபந்தனை வந்தால் மறுத்துவிட்டு, வாங்குபவரின் வங்கியே கப்பல் கம்பெனிக்கு உத்தரவாதம் கொடுத்துச் சரக்கை எடுக்கச் சொல்லுங்கள். உத்தரவாதம் கொடுத்த வங்கி, பிறகு காகிதத்தில் சொட்டை சொல்லிப் பணத்தை நிறுத்துவது கடினம்.

எடையை எழுதும் விதத்திலும் பணம் இருக்கிறது. எல்.சி.யில் "29 மெட்ரிக் டன்" என்று எடையாக இருந்தால், ஐந்து சதவீதம் கூடக் குறைய இருக்கலாம் என்று வங்கி விதியே இடம் தருகிறது. "25 கிலோ மூட்டை 1,160" என்று எண்ணிக்கையாக இருந்தால் அந்தச் சலுகை கிடையாது. வழியில் காய்ந்து குறையும் பொருளுக்கு எது நல்லது என்று சொல்ல வேண்டியதில்லை. வரைவு எல்.சி.யை வாங்கி இதைத் திருத்திய பிறகே லோடுக்குப் பணம் கட்டுங்கள்.

2022-இல் கொழும்பில் டாலர் இல்லாமல் சரக்கு வந்தும் எடுக்க முடியாத நிலை வந்தது. அந்த மார்ச்சில் இந்தியா கொடுத்த 100 கோடி டாலர் கடன் வசதியில் உணவுப் பொருளும் போனது. அன்று தப்பியவர்கள், இந்திய வங்கி ஒன்று உறுதிப்படுத்திய எல்.சி. வைத்திருந்தவர்கள். உறுதிப்படுத்தலுக்குக் கட்டணம் உண்டு. அதை விலையில் சேர்த்துவிடுங்கள். கப்பல் காப்பீட்டை நம்பி இருக்கவும் வேண்டாம். "எல்லா ஆபத்தும்" என்று சொல்லும் பாலிசியிலும் தாமதத்தால் வந்த நட்டமும், பொருளின் இயல்பால் வந்த அழுகலும் கிடையாது. வெங்காயத்துக்கு வரும் நட்டம் பெரும்பாலும் இந்த இரண்டும்தான்.

லாரி பாதி வழியில் இருக்கும்போது தடை அறிவிப்பு வந்தால்? துறைமுகத்துக்குள் நுழையவில்லை என்றால் காத்திருக்காதீர்கள். தூத்துக்குடியில் நிற்கும் எல்லா லாரியும் மறுநாள் ஒரே மண்டிக்குத்தான் திரும்பும். மதுரை வெங்காயச் சந்தையான கீழமாரட் வீதியில் விலை காலை ஒன்று, மத்தியானம் ஒன்று. பெங்களூரைத் தாண்டாத லாரியை அங்கேயே யஷ்வந்த்பூர் மண்டிக்குத் திருப்புங்கள். தாண்டியதைச் சேலம், ஒட்டன்சத்திரம் என்று பிரித்து இறக்குங்கள். ஏற்றுமதிக்குக் கட்டிய 25 கிலோ வலைப்பையை உள்ளூர்க் கமிஷன் கடைக்காரர் 50 கிலோச் சாக்காக மாற்றச் சொல்வார், கூலி உங்கள் கணக்கில். மாற்றும்போது அடிபட்ட காயைப் பொறுக்கிவிடுங்கள். ஒரு அழுகல் சாக்கு முழுவதன் விலையையும் இழுத்துவிடும். பெட்டி முன்பதிவை அன்றைக்கே ரத்து செய்து, ரத்து செய்த மின்னஞ்சலை வைத்துக்கொள்ளுங்கள். மாதக் கடைசியில் கப்பல் கம்பெனி வெற்றுப்பெட்டி வாடகைக்குப் பில் அனுப்பும்.